“நல்ல” பூச்சைத் தடுத்த அன்னமேரி அம்மையாருக்கு

தரம் காத்த தகைமையே! தவறு கண்டால் தயங்காத தனித் துணிவே! இருபத்தொன்பது ஆண்டுகள் சோதனை மேசையில் வளையாமல் நின்ற வைரமே! அன்னமேரி அம்மையாரே, வணக்கம்!

மடல் என்றால் மணக்க மணக்கப் புகழ வேண்டும்தான். எங்களுக்கோ வயிறு எரிகிறது. ஆகவே அம்மையாரின் கதையை அவையோரே, உங்களிடம் சொல்கிறோம்.

செவ்வாயில் ஊர்ந்து ஊர்ந்து படமெடுக்கும் ஊர்தி ஒன்றின் கேமராக்களுக்கு, லென்ஸைத் தாங்கும் உலோகக் கூடுகள் பன்னிரண்டு ஓசூரில் நம் கம்பெனியில் கடையப்பட்டன. கூட்டின் உட்புறம் கருப்பாக இருக்க வேண்டும். இல்லையேல் உள்ளே புகும் வெயில் தெறித்துப் படத்தை வெளிற அடித்துவிடும். மேற்பார்வையாளர் நாராயணப்பன் பலகையில் “உள்ளே நல்ல பூச்சு” என்று எழுதிவிட்டுப் போனார். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. தெலுங்கில் நல்ல என்றால் கருப்பு. பூச்சுப் பிரிவில் இருந்தவர்களோ கல்லாவிப் பக்கத்துத் தமிழர்கள். நல்ல பூச்சு கேட்கிறாரே என்று பன்னிரண்டையும் வெள்ளிக் கிண்ணம்போல் பளபளக்க வைத்துவிட்டார்கள்.

அம்மையார் வரைபடத்தை எடுத்து ஒப்பிட்டார். பன்னிரண்டிலும் ‘தேறாது’ என்ற சிவப்புச் சீட்டு ஒட்டினார். மறுநாள் சரக்கு கிளம்ப வேண்டும்; மேலாளர் ஹரீஷ்குமார் ஓடி வந்தார்.

“நல்ல பூச்சுன்னு எழுதியிருக்குது, நல்லாத்தானே இருக்குது? சீல் போடுங்கம்மா!”

“நல்லாத்தான் சார் இருக்குது, மொகமே தெரியுது. கேமரா அவ்ளோ தூரம் போயி அது மொகத்தையா பாத்துக்கப் போவுது?”

சீலைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்பது நாளில் பன்னிரண்டும் கருப்பாகிக் கிளம்பின. அதற்குப் பரிசாக அவருக்கு வந்தது ஒரு மெமோ: “வேண்டுமென்றே தாமதப்படுத்தினார்.” நாராயணப்பன் போய், “தப்பு என்னுதுங்க சார், எழுதுனது நானு” என்று மன்றாடியும் மெமோ அசையவில்லை.

பிறகு செவ்வாயிலிருந்து படம் வந்தது. செம்மண் மேடு, கல், கல்லின் நிழல், எல்லாம் ராயக்கோட்டைச் சாலையோரத்தில் நின்று பார்ப்பதுபோல் அத்தனை தெளிவு! வரவேற்பறையில் ஆளுயரத்துக்கு மாட்டினார்கள். கீழே நாற்பது பெயர்கள். கேன்டீன் ஒப்பந்தக்காரர் பெயர்கூட உண்டு. அன்னமேரி என்ற பெயர் இல்லை. என்ன அநியாயம் இது!

அம்மையார் அதைப் பொறுத்துக்கொண்டார். “வேண்டுமென்றே” என்ற சொல்லை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை. மூன்று முறை மனு எழுதினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. இன்று அவர் பணி ஓய்வு பெறுகிறார்; மாலையில் அவர் கோப்பு மூடப்படுகிறது. நேர்மையாக வாழ்ந்தவரின் கோப்பில் அந்தச் சொல் நிரந்தரமாகக் கிடக்கப் போகிறது. இந்தப் பகுதியை அடித்துவிடும்படி நேற்று நிர்வாகத்தினர் எங்களிடம் ஆள் அனுப்பினார்கள். நாங்கள் அடிக்கவில்லை.

அம்மையாரே! நோயற்ற உடலும் நிறைந்த உறக்கமும் நீங்காத சிரிப்பும் பெற்று, நூறாண்டு கடந்தும் நிமிர்ந்தே நடப்பீர்!

இம்மடலில் பணியாளர் அறுபத்து மூவரும் கையெழுத்திட்டுவிட்டோம். “மெமோ திரும்பப் பெறப்படுகிறது” என்ற கடைசி வரியின் கீழ் மட்டும் இடம் காலியாக இருக்கிறது. மேலாளர் அவர்கள் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். பேனா இதோ. கண்ணாடிச் சட்டம் போடுகிறவரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறோம்.

இங்ஙனம்,
கையெழுத்திட்ட அறுபத்து மூவர்,
ஓசூர்.