மூன்று விதமாகச் சொன்னவள்

மாலையில் பிள்ளையை அழைத்துப்போக வருகிறவர்களிடம் நடந்ததையெல்லாம் அப்படியே சொல்லக் கூடாது. குழந்தைகள் காப்பகம் நடத்துகிற யாரைக் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார்கள். பிள்ளை பாதிச் சாப்பாட்டைத் துப்பியிருக்கும். "இன்னிக்கு நல்லா சாப்பிட்டான்" என்போம். இன்னொருவன் கடித்து வைத்திருப்பான். "விளையாட்டுல பட்டுடுச்சு" என்போம். வேலை முடிந்து களைத்து வருகிற தாய்க்கு ஒரு மாதிரி, குறை கண்டுபிடிக்கவே வருகிற மாமியாருக்கு ஒரு மாதிரி. இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

குருவிக்கு இதைக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். அவள் என் சித்தி மகள். உடம்பும் குரலும் அப்படி என்பதால் சின்ன வயதிலிருந்தே குருவி. கணவன் விட்டுவிட்டுப் போன பிறகு என்னிடம் வந்து சேர்ந்தாள். காப்பகத்தின் பின்னறையில் நானும் அவளும்தான் குடியிருக்கிறோம். வந்த புதிதில் வாசலில் நின்றுகொண்டு, "உங்க பையன் கால்சட்டையிலயே போய்ட்டான், கழுவிக் கழுவி என் கை தேஞ்சுபோச்சு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். உள்ளே கூட்டிப்போய், "அடியே, அவங்க விவரம் கேக்கல, ஆறுதல் கேக்கிறாங்க" என்றேன். சீக்கிரமே பழகிவிட்டாள். பிறகு யார் வந்தாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். அதற்கேற்றபடி பேசுவாள்.

பட்டாணிக்கு அப்போது மூன்று வயது. உருண்டையாக இருப்பாள், ஓரிடத்தில் நிற்க மாட்டாள், அதனால் அந்தப் பெயர். அம்மா தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவள். பிள்ளைகள் தூங்கும் அறையில் ஒரு அலமாரித் தட்டின் மேல் வெந்நீர் கெட்டில் இருக்கும், பால்புட்டி கழுவுவதற்காக. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம் பட்டாணி விழித்து, தொங்கிய வயரைப் பிடித்து இழுத்துவிட்டாள். வலது கை, முழங்கையிலிருந்து விரல் வரை வெந்துபோனது.

அறையில் பெரியவர்கள் யாரும் இல்லை. குருவியை நான் கடைக்குச் சோப்பு வாங்க அனுப்பியிருந்தேன். கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். விழித்த பிள்ளை வாசலுக்கு ஓடிவிடக் கூடாது என்பதற்காகத்தான். இரண்டு பேர் மட்டும் வேலை பார்க்கும் இடத்தில் வேறு வழியில்லை. நான் முன்னறையில் இருந்தேன். புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கடையிலிருந்து பின்வாசல் வழியாக வந்த குருவிதான் தாழ்ப்பாளைத் திறந்து குழந்தையைத் தூக்கினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியிலேயே அவளிடம் சொன்னேன். "நீ பக்கத்துல இருந்தேன்னு சொல்லு. தனியாக் கிடந்துச்சுன்னு தெரிஞ்சா பெத்தவ மனசு என்ன ஆகும்?" அவள் அழுதுகொண்டே, "சரிக்கா" என்றாள். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், திரும்புவதற்குள் நடந்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

அடுத்து, உரிமம் தருகிற அலுவலகத்திலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். அவரிடம், கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒரு நிமிடம் அடுப்படிக்குப் போனதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு காப்பீட்டுக்காரர் வந்தார். அசதியில் அங்கேயே கண்ணயர்ந்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லச் சொன்னேன்.

"அக்கா, போன தடவை அடுப்படிக்குப் போனேன்னு சொன்னேனே?"

"அது வேற ஆபீஸ், இது வேற ஆபீஸ்."

"ஆபீஸ் மாறினா நான் இருந்த இடமும் மாறுமாக்கா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். அதுதான் அவள் கடைசியாகச் சிரித்தது என்று நினைக்கிறேன்.

ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி சொன்னோம், அவ்வளவுதான் என்று நான் உங்களிடம் சொல்லலாம். வெகுநாள் எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் மூன்று பேரிடமும் ஒன்றையே சொல்ல வைத்திருக்க முடியும். நான்தான் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒரே பொய்யைச் சொல்லிவந்தவள் ஒருநாள் உண்மையைச் சொன்னால், மனசாட்சி உறுத்தியது என்பார்கள், நம்புவார்கள். மூன்று விதமாகச் சொன்னவள் நாலாவதாக என்ன சொன்னாலும் அது நாலாவது விதம்தான். குருவியின் மனசு எனக்குத் தெரியும். என்றைக்காவது அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள். அதற்கு முன்னால் அந்த உண்மைக்கு ஒரு வரிசையைத் தயார் செய்து, அதன் கடைசியில் நிற்க வைத்தேன்.

நினைத்தபடியே நடந்தது. பட்டாணியின் இரண்டு விரல்கள் ஒட்டிப்போயிருந்தன. பிரித்துவிட அறுவை சிகிச்சை வேண்டும். அதற்கு நஷ்டஈடு கேட்டு அவள் அம்மா வழக்குப் போட்டாள். ஒருநாள் தெருவில் குருவியைப் பார்த்த குழந்தை ஓடிவந்து, "குருவிக்கா, இங்க பாரு" என்று கையை நீட்டியிருக்கிறது. குருவி வீட்டுக்கு வந்து சோற்றில் கைவைக்கவில்லை.

"நான் போய்ச் சொல்லப்போறேன்க்கா. தாழ்ப்பாள் போட்டிருந்துச்சுன்னு சொல்லப்போறேன்."

"போய்ச் சொல்லுடி. நான் தடுக்கல."

தடுக்கவில்லை. சாட்சி சொல்லும் நாளில் அவள் சேலைக்கு நான்தான் இஸ்திரி போட்டுக்கொடுத்தேன். அவள் மூன்று விதமாகச் சொன்னதை எழுதி வைத்த காகிதங்களின் நகல்களை அதற்கு முன்பே என் வக்கீலிடம் கொடுத்திருந்தேன்.

கோர்ட்டில் அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஒவ்வொரு காகிதமாக நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமாங்க."

"இதுல அடுப்படிக்குப் போனேன்னு இருக்கு. இதுல தூங்கிட்டேன்னு இருக்கு. டாக்டர்கிட்ட துணி மடிச்சேன்னு சொல்லியிருக்கீங்க. இன்னிக்குக் கடைக்குப் போனேங்கிறீங்க. எதும்மா பொய்?"

"அது மூணும் பொய்ங்க. இதுதான் நிஜம்."

"ஏன் பொய் சொன்னீங்க?"

"அக்கா சொல்லச் சொன்னாங்க."

"யார் என்ன சொல்லச் சொன்னாலும் சொல்லிடுவீங்களா?"

அவர் காகிதங்களை ஒன்றாக அடுக்கி வைத்தார்.

"இன்னிக்கு யார் சொல்லச் சொன்னாங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கூண்டில் நின்றபடி குருவி என் முகத்தைப் பார்த்தாள். பழக்கம். அவள் என்னைப் பார்த்ததை நீதிபதியும் பார்த்தார். முன்னுக்குப் பின் முரணாகப் பேசும் இந்தச் சாட்சியை நம்புவதற்கில்லை என்று தீர்ப்பில் எழுதினார். எனக்கு அடுத்தபடியாக விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால், என் கவனக்குறைவை நிரூபிக்க வேறு சாட்சியில்லாமல் வழக்கும் நிற்கவில்லை. பட்டாணியின் விரல்கள் இன்னும் ஒட்டியே இருக்கின்றன.

குருவியை நான் விரட்டவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வேறு யாரும் அவளுக்கு வேலை தரவில்லை. பின்னறையில் இரண்டு கட்டில்கள், நடுவில் ஒரு ஆள் நடக்கும் இடம். பால்காரர் எத்தனை பாக்கெட் என்று கேட்டால் கூட அவள் என்னைப் பார்க்கிறாள். குளிக்கப் போகும்போது, "நான் குளிச்சிட்டேனாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். அவளை விட்டுவிட்டு நான் எங்கேயும் போக முடிவதில்லை. அவள் பார்வை படாத ஒரு மூலை அந்த வீட்டில் எனக்கு இல்லை.

மூச்சு முட்டி ஒருநாள் வக்கீலிடம் போனேன். தாழ்ப்பாள் போட்டது உண்மைதான் என்றேன். அவர் பேனாவை மூடினார்.

"நீங்களும் கூண்டுல ஏறி, கதவு திறந்திருந்துதுன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க. இப்ப மாத்திச் சொன்னா உங்க தங்கச்சிக்கு நடந்ததுதான் உங்களுக்கும். தங்கச்சி மேல பாசத்துல உளர்றீங்கம்பாங்க. வீட்டுக்குப் போங்கம்மா."

ஆக, நான் கட்டிய அறைக்குள் நானே இருக்கிறேன். இதை நான் புரிந்துகொள்கிறேன்.

வக்கீலிடம்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷத்தில் பிள்ளைகளின் அழுகை எனக்குப் பாடம். பசி அழுகை வேறு, தூக்கக் கலக்கத்து அழுகை வேறு. அந்த மதியம் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது அந்த இரண்டும் இல்லை. அந்தத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். "கனவு கண்டு அழுவாங்க, தானே அடங்கிடும்" என்று சிரித்தேன். விண்ணப்பத்தை நிரப்பி முடிக்கும்வரை, அந்த அம்மாள் பேனா எழுதவில்லை என்று உதறி வேறு பேனா கேட்டு வாங்கி எழுதும்வரை, நான் நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்தால் சேர்க்காமல் போய்விடுவார்கள். குருவி வரும்வரை அது அழுதுகொண்டிருந்தது. அது என்ன அழுகை என்று எனக்குத் தெரியும்.

நேற்று துணி மடிக்கும்போது குருவி கேட்டாள்: "அக்கா, அன்னிக்குத் தாழ்ப்பாள் நிஜமாவே போட்டிருந்துச்சா? இல்ல, நானா அப்படி நெனச்சுக்கிட்டேனா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மதியத்தைப் பற்றி வெகுநாள் கழித்து அவள் கேட்ட கேள்வி. நான் உண்மையைச் சொன்னால் இந்த உலகத்தில் நம்பக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

"நீயா நெனச்சுக்கிட்டதுதான்டி. கதவு திறந்துதான் இருந்துச்சு. விடு."

தலையாட்டிவிட்டுத் துணியை மடித்தாள். முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. அவள் நிம்மதிக்கு இதுகூடச் செய்யாவிட்டால், அக்கா என்று நான் எதற்கு?