எரியுது, மச்சான்

பிரேக் லைட் எரியவில்லை என்று வண்டியைக் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேருக்கு பல்புதான் போயிருக்கும். ஐந்து நிமிட வேலை. அதையே பெரிய ரிப்பேர் மாதிரி காட்டிப் பந்தா பண்ணுகிற ஆட்கள் எங்கள் தொழிலில் உண்டு. நான் அப்படி இல்லை சார். இருபத்தாறு வருஷமாகக் காருக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். என்ன கோளாறு என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன். நீங்கள் கேட்டீர்கள், சொல்கிறேன். இந்த ஆறு மாதத்தில் என்னை யாரும் முறையாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வெள்ளைக் கார் என் தங்கை வீட்டுக்காரருடையது. நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். நல்ல மனிதர். வீடு அதிரச் சிரிப்பார், சாப்பிடும்போதும் ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பார். அதெல்லாம் ஒரு குற்றமா? கல்யாணமாகி மூன்று வருஷம் இருவரும் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். இருக்கச் சொன்னதே நான்தான். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தபோது தங்கைக்கு ஏழு வயது, எனக்குப் பத்தொன்பது. அவளுக்குத் தலை வாரிப் பின்னியதிலிருந்து கல்யாணம் செய்துவைத்தது வரை எல்லாம் இந்தக் கைதான். பள்ளிக்கூடம் விட்டால் பட்டறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். எனக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை யாரிடமும் சொல்லிக் காட்டியது கிடையாது. தேவைப்படும்போது அவளுக்கு மட்டும் ஞாபகப்படுத்துவேன்.

அப்புறம் மாப்பிள்ளைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. தானாக வந்ததா, கேட்டு வாங்கினாரா என்று நான் துருவவில்லை. சாமான்களை முந்தின நாளே வேனில் அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை காலை இவர்கள் இருவரும் காரில் கிளம்பினார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் எதிர்வீட்டுக்காரர் கையைத் தட்டிக் கூப்பிட்டு, விளக்கு எரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். நேராகப் பட்டறைக்கு வந்தார்கள்.

“மச்சான், பிரேக் போட்டா பின்னாடி ரெண்டு பக்கமும் எரியலையாம். கிளம்புற நேரத்துல இப்படி.”

“அதுக்கென்ன மாப்ள, உள்ள விடுங்க. பத்து நிமிஷ வேலை.”

இரண்டு பக்கமும் ஒன்றாக எரியவில்லை என்றால் பல்பைக் கழற்றிக்கொண்டு நிற்கக் கூடாது. இரண்டு பல்பு பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் சாகாது. முதலில் ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அடுத்தது ஸ்விட்ச். பிரேக் பெடலுக்கு மேலே கட்டைவிரல் அளவில் இருக்கும். பெடலை மிதித்தால் அதுதான் விளக்குக்கு மின்சாரம் விடும். அதைப் பார்க்க வேண்டும் என்றால் மல்லாந்து படுத்து, தலையை டாஷ்போர்டுக்கு அடியில் விட வேண்டும். ஸ்விட்சுக்குப் போகும் இரண்டு ஒயரையும் பிடுங்கி, ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு எழுந்து பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. ஆக, கோளாறு ஸ்விட்சில்தான். உள்ளே கருகிப்போயிருந்தது. புது ஸ்விட்ச் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து மறுபடி அடியில் படுத்தேன்.

என் தங்கை பின்சீட்டில் படுத்திருந்தாள். சின்ன வயசிலிருந்தே கார் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. ஏறினால் வயிற்றைப் பிரட்டும், அதனால் பின்சீட்டில் நீளமாகப் படுத்துக்கொண்டுதான் வருவாள். மாப்பிள்ளை ஜன்னலோரம் சாய்ந்து அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டவனுக்குக் காது கேட்காது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

“சீக்கிரம் கிளம்பிடலாம்ல?” என்றாள்.

“கிளம்பிடலாம், கிளம்பிடலாம்.”

“அப்பாடா. இனிமே மூச்சு விடறதுக்குக்கூட ஒருத்தர்கிட்ட கேக்க வேண்டியதில்ல.”

எனக்குக் கோபம் வரவில்லை சார். வலித்தது, அதை மறைக்க மாட்டேன். பதினெட்டு வருஷம் ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறேன், அவள் வாயிலிருந்து ஒரு ‘அப்பாடா’. அதை மாப்பிள்ளை சொல்லியிருந்தால் காதில்கூடப் போட்டுக்கொண்டிருக்க மாட்டேன். புது ஸ்விட்ச் கையில் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பழையதையே அதன் இடத்தில் வைத்து, ஒயர்களைச் செருகினேன். நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அதுதான். நொறுங்கின காரிலிருந்து பக்குவமாகத்தான் கழற்றியிருக்கிறார்கள்.

ஓட்டுகிறவர் தன் பிரேக் லைட்டைத் தானே பார்க்க முடியாது. ஒருவர் மிதிக்க வேண்டும், இன்னொருவர் பின்னால் நின்று எரிகிறதா என்று சொல்ல வேண்டும். எந்தப் பட்டறையிலும் வண்டிக்காரர் மிதிப்பார், நாங்கள் பின்னால் நிற்போம். அன்றைக்கு நான் இடத்தை மாற்றினேன்.

“நீங்க பின்னாடி நின்னு பாருங்க மாப்ள. உங்க கண்ணால பாத்தாத்தான் உங்களுக்குத் திருப்தி.”

அந்தக் காரில் பின்பக்க பல்பு ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு இழை. மெல்லிய இழை, இருட்டினால் போடுகிற பார்க்கிங் லைட்டுக்கு. தடித்த இழை, பிரேக்குக்கு. இரண்டும் ஒரே சிவப்புக் கண்ணாடி வழியாகத்தான் தெரியும். வெயிலில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடலாம். பட்டறைக்குள் நிழலில், தொழில் தெரியாதவருக்கு, சிவப்பு எரிந்தால் எரிந்ததுதான்.

“மிதிக்கிறேன் மாப்ள.”

“எரியுது, மச்சான்.”

“விட்டுட்டேன்.”

“அணைஞ்சிருச்சு. சூப்பர்.”

மூன்று தடவை பார்த்தோம். என் கால் தரையில் இருந்தது. இடது கை மட்டும் ஸ்டீயரிங்குக்குக் கீழே பார்க்கிங் லைட் ஸ்விட்சைத் திருகிக்கொண்டிருந்தது. பொய் சொன்னேன் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். மிதிக்கிறேன் என்றது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எரிகிறது என்று நான் ஒரு தடவையும் சொல்லவில்லை. சொன்னது அவர். தங்கை பின்சீட்டில் எழுந்து உட்கார்ந்து இரண்டு சீட்டுக்கும் நடுவில் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தூக்கக் கலக்கமாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது நான்தான் வழி சொன்னேன். “மலைப்பாதையில போங்க மாப்ள, ஒரு மணி நேரம் மிச்சம்.” இறக்கத்தில் லோடு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்பது எனக்குத் தெரியும். பின்னாலிருந்து அடிபட்ட கார்கள் எத்தனையோ என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. முன்சீட்டு உறைகூடக் கசங்காமல் இருக்கும். பின்சீட்டு இருந்த இடமே தெரியாது. ஆகவே, யார் எங்கே இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ற உங்கள் கேள்விக்குப் பதில், தெரியும். அவள் திரும்பி வர வேண்டும், எப்படி வந்தாலும் சரி என்று நினைத்தேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

ஐந்தாவது வளைவில் ரோட்டில் மரக்கிளை விழுந்து கிடந்திருக்கிறது. மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த லாரிக்காரருக்கு விளக்கு எதுவும் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு நெற்றியில் இரண்டு தையல். என் தங்கைக்குக் கழுத்தெலும்பு முறிந்து, அதற்குக் கீழே எதுவும் அசையவில்லை. லைட்டே எரியவில்லை என்று லாரிக்காரர் அன்றிலிருந்து தலைதலையாக அடித்துக்கொண்டார். மாப்பிள்ளையோ, கிளம்பும்போது என் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்தார். நல்ல மனிதர் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். லாரிக்காரர் உள்ளே இருக்கிறார். அவரை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இறக்கத்தில் இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும் என்பது சட்டம்.

மூன்று மாதம் ஆஸ்பத்திரி. அப்புறம் என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். மாப்பிள்ளை வேலையை விட முடியாது, பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்? கீழ் அறையில், ஜன்னல் பக்கமாகக் கட்டில் போட்டிருக்கிறேன். பகலில் ஒரு நர்ஸ் வருகிறாள். இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நான்தான் பட்டறையிலிருந்து ஓடி வந்து அவளைத் திருப்பிப் படுக்கவைப்பேன், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். தலை வாரிப் பின்னிவிடுகிறேன். பழைய மாதிரி ஆகிவிட்டது.

பேச்சு வருகிறது அவளுக்கு. நர்ஸிடம் பேசுகிறாள். மாப்பிள்ளை ஃபோன் செய்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்லி, கதவைச் சாத்தச் சொல்லிப் பேசுகிறாள். என்னிடம் பேசுவதில்லை. எங்களுக்குள் வாய் திறந்து பேச என்ன இருக்கிறது? நான் உள்ளே நுழைந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறாள். நான் பக்கத்தில் இருந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வருகிறது.

அதனால்தான் நீங்கள் வாசித்துக் காட்டிய இந்தக் காகிதம் எனக்குப் புரியவில்லை சார். அவள் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதினாள் என்கிறீர்கள். அண்ணன் மிதிக்கவே இல்லை, கையால் திருகினான், நான் பார்த்தேன் என்று இருக்கிறது. நடந்தது நடந்தபடிதான் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அண்ணனை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு விடாதீர்கள் என்று கடைசியில் இரண்டு வரி இருக்கிறதே, அது அவள் வார்த்தை இல்லை. நர்ஸ் தானாகச் சேர்த்திருப்பாள். மணி நாலாகப் போகிறது. அவளைத் திருப்பிப் படுக்கவைக்கிற நேரம். நான் போகாவிட்டால் அவள் என்னைத் தேடுவாள்.