ஸ்ட்ரோக் கூட்டின கார்

காலையில் ஒரு டீயை ஒழுங்காகக் குடிக்க வேண்டும். வாழ்க்கையில் நான் கேட்டது அவ்வளவுதான், சார்.

இருபத்தெட்டு வருடமாகத் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் பிரிக்கிறேன். "சசிரேகா மோந்து பாத்தாச்சா?" என்று கேட்காமல் கணக்கெழுதும் கிராணி ஒரு பெட்டியையும் லோரியில் ஏற்றவிட்டதில்லை. அப்படிப்பட்ட மூக்குக்கு நேராகத்தான் குகனேஸ்வரன் தன் காரை நிறுத்துவான்.

எங்கள் லயம் ரிங்லெட்டுக்கு மேலே இருக்கிறது. வரிசையாகப் பத்து வீடு, வீட்டுக்கு வீடு நடுவில் ஒரே சுவர். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவள் என்று என்னைப் பற்றி உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும். இவன் விஷயம் தானாகவே என் மூக்குக்குள் வந்தது.

அவன் எஸ்டேட் லோரி ஓட்டுகிறவன். மனைவி புனிதாவுக்கு ஆறு மாதம். தொட்டில் வாங்க வேண்டிய நேரத்தில் அவன் பழைய காருக்கு வேறு கிராங்க் வாங்கி மாட்டினான். என்னடா இது என்று கேட்டதற்கு வகுப்பே எடுத்தான்.

"பிஸ்டன் மேல போயி கீழ வருதுல்லக்கா, அந்தத் தூரம்தான் ஸ்ட்ரோக்கு. அத நான் கூட்டிட்டேன். ஒவ்வொரு தடவையும் காத்தும் பெட்ரோலும் கூடுதலா இழுக்கும். மேட்டுல கியர் மாத்தாமலே ஏறும் லா."

ஏறியது. பொய் சொல்ல மாட்டேன். தாப்பா ரோட்டில் சுற்றுலா பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிக்கொண்டு வருவானாம். ஆனால் கூடுதலாகத் தின்பது கூடுதலாகக் கழிக்கவும் செய்யும் அல்லவா. தினமும் காலையில் என் ஜன்னலுக்கு நேராகத்தான் கழித்தது. துவைத்துப் போட்ட சேலையில் கரி. இட்லி மாவின் மேல் கரி. டீயில் படியும் ஆடையிலும் கருப்பாய்ப் பொடிப்பொடியாக. மூக்கைச் சிந்தினால் துணியில் மை கொட்டினது போல் இருக்கும். அவனோ நகக்கண் நிறைய எண்ணெய்க் கருப்போடு வாழைப்பழம் பொரித்த பிசாங் கோரேங்கைப் பிட்டுப் பிட்டுத் தின்பான். புனிதா தன் சட்டை நுனியால் அவன் வாயைத் துடைத்துவிடுவாள். பார்க்கவே குமட்டும். தினமும் பார்த்தேன்.

காரின் எடை குறைய வேண்டுமென்று முன்னால் பக்கத்துச் சீட்டையும் கழற்றி எறிந்துவிட்டான். அதனால் வயிற்றுப்பிள்ளைக்காரி கோஸ் மூட்டை மாதிரி பின்சீட்டில்தான் உட்கார்ந்து போவாள்.

போன வியாழக்கிழமை பிரிஞ்சாங்கிலிருந்து மகேன் வந்தான். கார்ப் பட்டறை வைத்திருக்கிறவன். வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். உரித்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"ஸ்ட்ரோக்க கூட்டுனது தப்பில்லண்ணே," என்றான் மகேன். "ஒழுங்கா செட் பண்ணா சுத்தமா எரியும். நீங்க கார்பரேட்டரத் தொடவே இல்ல. பெட்ரோலு பாதி எரியாமலே வெளிய வருது."

"பவரு வருதுல்ல?"

"பவரும் வருது, வெஷமும் வருது. அக்கா துணியெல்லாம் பாருங்க, அடுப்புக்கரித் துணி மாதிரி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு மகேன் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தான். எஞ்சின் ஆட்டம் கூடியதில் பின்சீட்டுக்கு நேர் கீழே புகைக்குழாய் விரிசல் விட்டிருந்தது. அதற்கு மேலே, கால் வைக்கும் இடத்தில், தரையில் ஓர் ஓட்டை. ரப்பர் மூடி போட்டு அடைத்திருந்தது.

"இந்த மூடி இறுக்கமா இருக்கவும் தப்பிச்சீங்க. கருப்புப் பொகைய மூக்கு கண்டுபிடிச்சிரும். கூடவே ஒண்ணு வரும்ணே, நெறமும் இல்ல, நாத்தமும் இல்ல. தூங்குற மாதிரியே ஆளக் கொண்டுபோயிரும். திங்கக்கெழம வண்டியக் கொண்டாங்க, கொழாயையும் மாத்தி எல்லாத்தையும் செட் பண்ணிரலாம்."

அன்று சாயங்காலம் புனிதா பருப்பு வடை கொண்டுவந்தாள். "மன்னிச்சிருங்கக்கா. திங்கக்கெழமையோட எல்லாம் சரியாயிரும். ஒங்க சேலைய வேணும்னா நான் தொவச்சித் தரேன்." வடையிலும் பெட்ரோல் வாடை. நாய்க்குப் போட்டேன். நாய் தின்றது.

திங்கட்கிழமை சரியாகிவிடும். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கார் சுத்தமாகும், மேட்டிலும் ஏறும், அவன் செய்ததெல்லாம் சரி என்றாகிவிடும். இரண்டு மாதம் நான் விழுங்கியதில் ஒரு வாய்கூட அந்த வீட்டில் யாரும் விழுங்கியிருக்க மாட்டார்கள். இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் லயத்தில் யாரும் காரைப் பூட்டுவதில்லை. சாவியும் உள்ளேயே கிடக்கும். சந்து ஒடுக்கம்; கேஸ் லோரி வந்தால் வீட்டில் இருக்கிறவர் யாரோ, அவர் வண்டியை நகர்த்திக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் கேஸ் லோரி வந்தது. குகனேஸ்வரன் வேலையில் இருந்தான், புனிதா தூங்கிக்கொண்டிருந்தாள். நான்தான் நகர்த்தினேன். நகர்த்திய கையோடு பின்னால் விரிப்பைத் தூக்கி, அந்த மூடியைப் பிடுங்கினேன். விரிப்பை மறுபடி சுருக்கமில்லாமல் நீவிவிட்டேன். மூடி என் வீட்டு மிளகாய்த்தூள் டப்பாவில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

அவன் கொஞ்சம் மோந்து பார்க்கட்டும் என்றுதான் செய்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவன் முன்னால் உட்காருகிறவன், கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே போட்டு ஓட்டுகிறவன் என்பீர்கள். எனக்கும் தெரியும். அந்த லயத்தில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குக் கிளம்பினார்கள். நல்ல பனி. எஞ்சினைப் போட்டுவிட்டு, புனிதாவைப் பின்னால் உட்கார வைத்து, குளிருக்காக எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு அவன் வீட்டுக்குள் போனான். எஞ்சின் சூடேற இருபது நிமிடம். இவன் தலை வாரி முடிக்கவும் அதே இருபது நிமிடம். திரும்பி வந்து கதவைத் திறந்தவன் போட்ட சத்தத்தில்தான் மற்ற வீடுகள் விழித்தன. ஆஸ்பத்திரியில் இரண்டு உயிர் போய்விட்டது என்று சொன்னார்கள். இரண்டுக்கும் நான்தான். அதில் மாற்றுப் பேச்சில்லை.

அந்த இருபது நிமிடமும் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டீர்கள். அடுப்படி ஜன்னலில் இருந்தேன், கையில் டீயோடு. கொஞ்ச நேரம் கழித்து அவள் உள்ளங்கையால் கண்ணாடியின் உள்பக்கம் படிந்த ஆவியைத் துடைத்தாள். என்னைப் பார்த்தாள். கதவுப் பிடியைத் தடவினாள், அது கைக்குச் சிக்கவில்லை. பிறகு மெதுவாகக் கையைத் தூக்கினாள். காலை வணக்கம் சொல்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். நானும் கையசைத்தேன்.