‘லேடி மரியெட்டா’ கப்பல் நூலகமும் அமரர் இராமரும்

மதிப்புக்குரிய தலைவர், பொறியியலாளர் சிவபாதசுந்தரம் அவர்களே, மேடையில் எனக்கு முன்னர் பேசி, எனக்குப் பின்னரும் பேசவிருக்கும் பெரியோர்களே, மின்விசிறிக்கு நேர்கீழே இடம்பிடித்துவிட்ட முன்வரிசையினரே, கதிரை கிடைக்காமல் சுவரோடு நிற்கும் அன்பர்களே, மட்டக்குளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் அமரரின் மகள் மேனகா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

ஒரு வருடத்துக்குள் வெள்ளவத்தை நண்பர்கள் வாசகர் மன்றத்தின் மேடையில் நான் பேசும் ஆறாவது இரங்கல் உரை இது. முதல் ஐந்திலும் ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று முழங்கினேன். ஐந்தும் எப்படியோ ஈடாகிவிட்டன. அதனால் அந்தச் சொற்களை எடுக்க இன்று கை கூசுகிறது. உண்மையைச் சொன்னால் களைத்துவிட்டேன். ஒலிவாங்கி களைத்துவிட்டது. இந்தப் பிளாஸ்டிக் கதிரைகளும் களைத்துவிட்டன.

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். ‘நூலகச் சுடர் அமரர் இராமர்.’ அந்தப் பட்டத்தைச் செயற்குழு போன வியாழக்கிழமை ஏகமனதாக வழங்கியது. பட்டம் பெறுபவர் மறுக்க முடியாத நிலையில் இருந்தார். உயிரோடிருந்த காலத்தில், இருபத்திரண்டு வருடமாக, அந்த மனிதருக்கு நாங்கள் வழங்கியது என்ன? பின்னறையின் சாவி. அதையும் திருப்பி வாங்கிவிட்டோம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

யார் இந்த இராமர்? புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். துறைமுகத்தில் வாட்சர் வேலை பார்த்தவர். 2003ஆம் ஆண்டில் ‘லேடி மரியெட்டா’ என்ற பழைய பயணிகள் கப்பல், உடைக்கும் தளத்துக்குப் போகிற வழியில் இயந்திரம் பழுதாகிக் கொழும்புக்கு வெளியே நங்கூரம் போட்டது. சொந்தக்காரர்கள் எங்கோ நீதிமன்றத்தில் இழுபட, கப்பல் பதினான்கு மாதம் அங்கேயே நின்றது. அதைக் காவல் காக்க நான்கு பேரை ஏற்றிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் இராமர்.

அந்தக் கப்பலின் மேல்தட்டில் ஒரு நூலகம் இருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரிகள். அலையில் புத்தகம் விழாமல் தட்டுக்குத் தட்டு பித்தளைக் கம்பி. சுவரில் சட்டகம் போட்ட இரண்டு விதிகள். புத்தகம் எடுப்பவர் பெயரை எழுதத் தேவையில்லை, தங்கும் அறையின் இலக்கம் போதும். கடைசித் துறைமுகத்துக்கு முதல்நாள் எல்லாப் புத்தகமும் திரும்பி வரவேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட இராமர், ஆங்கில அகராதி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அங்கேதான் வாசிக்கப் பழகினார்.

கப்பலை இழுத்துப்போகும் நாள் வந்தது. ஆளுக்கு விருப்பமானதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மற்ற மூவரும் மெத்தை, மணிக்கூடு, சமையற்கட்டுப் பாத்திரம் என்று இறக்கினார்கள். இவர் ஆயிரத்து நூற்றுநாற்பது புத்தகங்களையும் அலுமாரிகளையும் கேட்டார். கப்பலில் இருந்தவர்கள் வயிறு நோகச் சிரித்தார்களாம். துறைமுக வாசலில் சுங்க உத்தியோகத்தர் நம்பவில்லை. “பொத் விதரத?” என்று, புத்தகம் மட்டும்தானா என்று, பெட்டி பெட்டியாகத் திறந்தார். பன்னிரண்டாம் பெட்டியில் ஒன்றை எடுத்து விரித்தவர், அதிலிருந்து கண்ணை எடுக்காமலே மற்றப் பெட்டிகளைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

இனி எங்கள் மன்றத்தின் புகழைக் கேளுங்கள். கப்பல் நூலகம் ஒன்று அன்பளிப்பாக வருகிறது என்று கடிதம் கண்டதும் நாங்கள் ஒரு கப்டனையே எதிர்பார்த்தோம். மாலை, சந்தனம், குத்துவிளக்கு எல்லாம் ஆயத்தம். லொறி வந்தது. சாரத்தை மடித்துக் கட்டிய மெலிந்த மனிதர் ஒருவர் பெட்டிகளை இறக்கினார். அவரைப் பின்பக்கம் அனுப்பிப் பிளேன்டீ கொடுத்தோம். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வாசலில் நின்றார். அவருக்கு மாலை போட்டோம். நான் ஏழு நிமிடம் வரவேற்புரை ஆற்றினேன். பக்கத்து பிளாட்டை வாடகைக்குப் பார்க்க வந்தவராம். மாலையோடேயே போய்விட்டார். பின்பக்கம் குசினியில் குந்தியிருந்த இராமர் தேநீரை முடித்துவிட்டு என்னிடம் கேட்ட முதற் கேள்வி:

“அலமாரியை எந்தப் பக்கம் வைக்கட்டுங்க?”

அன்றிலிருந்து கோபம் காட்டாத மனிதர். கப்பலின் இரண்டு விதிகளையும் இங்கேயும் கொண்டுவந்தார். அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை இலக்கம். மாடிவீட்டில் இருப்பவருக்கு மேல்தட்டு, கீழ்வீட்டில் இருப்பவருக்குக் கீழ்த்தட்டு. இதில் என்ன நடந்தது? சொந்தக் காணியில், சொந்தத் தரைவீட்டில் வாழும் நம் தலைவர் அவர்களுக்கு இயந்திர அறைக்குப் பக்கத்து அறை விழுந்தது. வாடகை பிளாட்டின் ஐந்தாம் மாடியில் தனியே இருக்கும் அன்னபாக்கியம் ரீச்சருக்கு முதல் வகுப்பு. தலைவர் விசேட கூட்டம் கூட்டினார். “எனக்கு மேல்தட்டு தர ஏலாதோ?” என்று கேட்டார். “தரலாமுங்க. மாடி ஒண்ணு கட்டினீங்கன்னா உடனே மாத்திடலாம்” என்றார் இராமர். தலைவர் இப்போது சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை.

மார்கழிதோறும் ஒருநாள் புத்தகங்கள் எல்லாம் கரைக்கு வரவேண்டும். வாசித்து முடித்தீர்களா என்ற கேள்விக்கு இடமில்லை. ரீச்சர் கதவில் நின்று மன்றாடியதை நானே கேட்டிருக்கிறேன்.

“தம்பி, கொலைகாரன் ஆரெண்டு தெரிய இன்னும் பன்னிரண்டு பக்கம்தான் கிடக்கு.”

“கப்பல் கரைக்கு வந்துருச்சுங்கம்மா. நாளன்னைக்குத் திரும்ப ஏறிக்கலாம்.”

நாளன்றைக்கு அதே புத்தகத்தை அவரே ஐந்து மாடி ஏறிக் கொண்டுபோய்க் கொடுப்பார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு புத்தகம்கூடத் தொலையாத நூலகம் எத்தனை உண்டு? எண்ணிச் சொல்லுங்கள், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எழுதும் பகிடிகளை நீங்கள் வாசித்துச் சிரிக்கிறீர்கள். நன்றி. அவற்றில் பாதி அந்தக் கப்பலில் வந்த ஒரு பழைய நகைச்சுவைத் தொகுப்பில் இருந்து சுட்டவை. ஆட்களுக்கு யாழ்ப்பாணத்துப் பெயர் வைத்து, மழைக்கோட்டைக் குடையாக்கி, விட்டுவிடுவேன். இராமருக்கு மட்டும் தெரியும். “போன கிழமை எழுதினது நூத்திநாப்பதாம் பக்கமுங்களே சார்” என்பார். வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

தலைவர் ஒரு துண்டு அனுப்பியிருக்கிறார். ‘சுருக்கவும்’ என்று இருக்கிறது. இனித்தான் ஐயா விஷயமே.

மாசி மாதம் செயற்குழு கூடியது. பின்னறையை உயர்தரப் பௌதிகவியல் டியூசனுக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தோம். இங்கே இருக்கும் பெற்றோர் பலருக்குத் தெரியும், வருகிற முதலாம் திகதி வகுப்புத் தொடங்குகிறது. புத்தகங்களைக் கொட்டாஞ்சேனையில் பழைய பேப்பர் வாங்கும் மர்ஸூக் எடுத்துக்கொள்வார். இராமருக்கு ஒரு கடிதம் அனுப்பினோம். நல்ல கடிதம். அவரது அரும்பணியை மூன்று பந்திகளில் புகழ்ந்து, நான்காம் பந்தியின் நடுவில், அறையை ஒழித்துத் தரும்படி கேட்டோம்.

அவர் வந்து ஒரு சொல் கேட்டாரா? கூட்டத்தைக் கூட்டச் சொன்னாரா? இல்லை. பங்குனி வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிப் புத்தகங்களைத் திரும்ப எடுக்கத் தொடங்கினார். ரீச்சர் கேட்டாராம், “இதென்ன, மார்கழிக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு?” என்று. “இந்தத் தடவை கொஞ்சம் முந்தி வந்துருச்சுங்கம்மா.” அவ்வளவுதான். எங்கள் தீர்மானத்தைப் பற்றி ஓர் அங்கத்தவரிடமும் வாய் திறக்கவில்லை. எங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு திரிந்தார்.

கடைசிப் புத்தகம் என்னிடம் இருந்தது. என் வீட்டு வாசலில் நின்று, சட்டைப் பையில் இருந்து கடிதத்தை எடுத்து விரித்தார்.

“சார், இதை யாரு எழுதினதுங்க?”

“குழுவாகத்தான் எழுதினது, இராமர்.”

“ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. வாசிச்சு முடிக்கிற வரைக்கும் போகச் சொல்றாங்கன்னே தெரியலைங்க.”

அதில் குத்தல் இல்லை. எழுத்தை ரசித்துத்தான் சொன்னார். நான் உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்ப் பின்னறையில் வைத்துப் பூட்டி, திரும்பி வந்து சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மட்டக்குளியில், காலையில் முகம் கழுவப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

மேனகா, அந்தக் கடிதத்தைக் குழு எழுதவில்லை. நான் எழுதினேன். முதல் பந்தி முதல் கடைசிப் பந்தி வரை நான்தான். உங்கள் அப்பா முகத்துக்கு நேரே கேட்டபோது பொய் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நான் எதில் இருந்து எதை எடுத்து எழுதுகிறேன் என்று அறிந்த ஒரே ஆள் அவர்தானே. தெரிந்துகொண்டும் என்னைத் தப்பவிட்டார். மூன்று கிழமையாக எனக்கு நித்திரை ஒழுங்காக இல்லை. மன்னிப்புக் கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்டால் நீங்கள் தருவீர்கள், அது எனக்கு மிகவும் சுலபமாகப் போய்விடும்.

நேற்றுத் தொலைபேசியில் நீங்கள் சொன்னதைச் சபைக்கு ஒப்புவிக்கிறேன். “எங்களுக்குப் பட்டம் ஒண்ணும் வேணாங்க. புத்தகம் பிரியாம இருந்தா போதும்.”

ஆகவே தலைவர் அவர்களே, டியூசன் நடக்கட்டும். பிள்ளைகள் பௌதிகவியல் படிக்கத்தான் வேண்டும். மர்ஸூக்கிடம் வரவேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். அவரும் “நல்லதாப் போச்சு சேர், எனக்கும் மனசு வரல்ல” என்றார். ஆயிரத்து நூற்றுநாற்பது புத்தகங்களும் அலுமாரிகளும் என் வீட்டு முன்னறைக்கு வருகின்றன. இந்தச் செய்தி நாலாம் வரிசையில் இருக்கும் என் மனைவி உஷாந்திக்கும் புதிது. இரவில் சொல்லியிருக்கலாம். பயம்.

என்ன? சத்தமாகச் சொல்லும், உஷாந்தி.

‘ரீவியைக் கழட்டினால்தான் முன்னறைக்குள் கொள்ளும்’ என்கிறார். சபை சாட்சி. கழட்டுவோம்.

வாக்குறுதி கொடுத்து உரையை முடிப்பது இந்த மேடையின் வழக்கம். அமரரின் பணியைத் தொடர்வோம் என்று ஐந்து பேருக்குச் சொல்லியிருக்கிறேன்; ஒன்றும் தொடரவில்லை. இந்த முறை நாள் குறித்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் புத்தகங்களை மாற்றுகிறோம். ஆளுக்கொரு பை கொண்டுவந்தால் பத்து மணிக்குள் முடிந்துவிடும். திங்கட்கிழமையில் இருந்து, வெளியே வர முடியாத அங்கத்தவர்களின் வீடுகளுக்கு நானே புத்தகம் கொண்டுவருவேன். எனக்கு ஐம்பத்துநான்கு வயது, இரண்டு முழங்காலும் நோகும், படியில் நின்று நின்றுதான் ஏறுவேன். மணி அடிக்க முன்னரே என் மூச்சுச் சத்தம் கேட்கும். கதவைத் திறந்துவிடுங்கள்.