தபாலாபீஸ் அக்காவின் சாட்சி

மிதிச்சுடாதம்மா, அது மூணாவது மாடி பல் டாக்டரம்மாவோட பார்சல். சுவரை ஒட்டியே வா. வலது காலை அந்த நீளப் பெட்டிக்கும் சோபாவுக்கும் நடுவுல வை... ஆங், வந்துட்ட. என் வீட்டுக்குள்ள நடக்க நானே இப்ப வழி கேட்டுத்தான் நடக்கறேன். உக்காரு. அதுல இல்லை, அது வங்கிக்காரரோட காபி மெஷின். சரி, உக்காந்தாலும் பரவாயில்லை, போன வருஷமும் அதேதான் வாங்கினார். பாலைக் கொதிக்க வச்சு காபி போடறதெல்லாம் அந்த வீட்டுல மறந்தே போச்சு.

நீ எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியும். சொல்றேன், சொல்றேன். மேல குடிவந்து இன்னும் ஒரு மாசம் ஆகலை, அதுக்குள்ள உனக்கும் பெட்டி வர ஆரம்பிச்சாச்சா? இந்தக் கட்டடத்துக்குள்ள காலடி வச்சாலே ஒட்டிக்கும் போல.

இதெல்லாம் எப்படி ஆரம்பிச்சுதுங்கற? எதிர்வீட்டு டீச்சர் ஒரே ஒரு நாள் கேட்டா. அக்கா, நீங்க வீட்டுலதானே இருக்கீங்க, ஒரு பார்சல் வரும், வாங்கி வச்சுடுங்கன்னு. ரிட்டயர் ஆனவ, கீழ்வீடு, தனிக்கட்டை. மாட்டேன்னா சொல்ல முடியும்? வாங்கி வச்சேன். மறுநாள் ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இப்ப எனக்குப் பேரே தபாலாபீஸ் அக்கா. எனக்கும் காது கேக்கும்மா, படிக்கட்டுல பேசிக்கறது.

அதுவும் டிசம்பர் பொறந்தா போதும். மாட்டுத் தொழுவத்துல பொறந்தவருக்குப் பொறந்தநாள், ஆனா பரிசெல்லாம் இவங்களுக்கு. அவர் பொறந்தப்ப தூரதேசத்துலேர்ந்து ஞானிகள் வந்தாங்க, குடுத்தாங்க, கும்பிட்டாங்க, போனாங்க. நேர்ல எடுத்துட்டு வந்தாங்க, கவனிச்சியா? பக்கத்து வீட்டு வாசல்ல வச்சுட்டு போட்டோ எடுத்துட்டுப் போகலை.

பல் டாக்டரம்மா இருக்காங்களே, எங்க சபைதான். வெள்ளிக்கிழமை தவறாம உபவாசம். வயித்தைக் காயப்போட்டுட்டு கை சும்மா இருக்குமா? போனைத் தடவுது. சனி, ஞாயிறு தாண்டினா திங்கக்கிழமை எனக்கு நாலு பெட்டி. இதோ, மேல என்ன எழுதியிருக்குன்னு படி. சாமான் அடுக்கும் டப்பா, பன்னெண்டு. வாங்கின சாமானை வைக்க இடமில்லைன்னு, சாமானை வைக்கறதுக்குச் சாமான். இவங்கதான் போன வாரம் ஜெபக்கூட்டத்துல, ஆண்டவரே எங்களை எளிமையா வாழப் பழக்கும்னு கண்ணீர் விட்டது. அவரும் பழக்கத்தான் பாக்கறார் பாவம், எந்தப் பெட்டியைத் தாண்டி உள்ள வருவார்?

இரு, இரு, எந்திரிக்காத. உன் விஷயத்துக்குத்தான் வந்துட்டு இருக்கேன். தண்ணி குடிக்கறியா? வேண்டாமா, சரி.

நாளன்னிக்கு கிறிஸ்துமஸ் ஆராதனையில நான் சாட்சி சொல்லணும், எல்லார் முன்னாடியும் மைக்கைப் பிடிச்சு, ஆண்டவர் எனக்குச் செஞ்சதை. உன்கிட்ட சொன்னேன்ல? பாஸ்டரே கேட்டுக்கிட்டார். தலைப்பு, குடுக்கறதுல இருக்கற சந்தோஷம். நீயும் விசுவாசிதானே, வாயேன். முன் வரிசையில உனக்கும் பாப்பாவுக்கும் இடம் பிடிச்சு வைக்கறேன்னு போன வாரமே சொன்னேனே... ஆமா, சொன்னேன். சொல்லித் தொலைச்சேன்.

என்ன? பெட்டியா? உன் பெட்டி... வரலைம்மா. வந்திருந்தா நான் குடுக்க மாட்டேனா? பாப்பா தினம் சாயங்காலம் வந்து கதவைத் தட்டுது. வழியில இருக்குடி கண்ணுன்னு சொல்லி அனுப்பறேன். தீப்பெட்டியில செத்த ஈ, எறும்பு, என்னத்தையோ ஒரு றெக்கை, எல்லாம் சேத்து வச்சிருக்கு. எதுக்குடி இந்தக் கண்றாவின்னா, மைக்ராஸ்கோப் வரப்போகுது பெரியம்மா, எல்லாம் பெருசாத் தெரியும்னு கண்ணை விரிக்குது. இந்தக் காலத்து டெலிவரிக்காரங்களை நம்ப முடியாது. எங்க போட்டானோ, யார் கையில...

என்னது அது, போன்ல? டெலிவரிக்காரன் எடுத்த போட்டோவா?

கிட்ட காட்டு. கண்ணாடி எங்க வச்சேன்... ம். பெட்டி. வாசப்படி. ஒரு காலு. காலை வச்சு யாருன்னு எப்படிம்மா சொல்றது, காலு எல்லாருக்கும்தான் இருக்கு. செருப்பா? பூ பிஞ்சுபோன செருப்பு உலகத்துல ஒண்ணே ஒண்ணா இருக்கு?

கீழ பாக்காத. பாக்காதங்கறேன்ல.

சரி. என் காலுதான். வந்துச்சு. நான்தான் வாங்கினேன். கையெழுத்தும் போட்டேன்.

கோச்சுக்காம கேளு. சபையில ஒவ்வொரு வருஷமும் பிள்ளைங்க இல்லத்துக்குப் பரிசு சேப்பாங்க. அப்பா அம்மா இல்லாத பிள்ளைங்க. இந்த வருஷம் பாஸ்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார், உங்களுக்கு வேண்டாததைக் குடுக்காதீங்க, உங்களுக்கு வேணும்ங்கறதைக் குடுங்கன்னு. நானும் ஆமென்னு சொன்னேன். சத்தமாவே சொன்னேன். வீட்டுக்கு வந்து ஒரு பெட்டி கட்டினேன். பழைய அட்டைப் பெட்டிதான், ஆனா புது டேப். கட்டி முடிச்சு இந்த மூலையில வச்சேன். அதே மூலையில உன் பெட்டி. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. சனிக்கிழமை சபை வேன் வந்து வாசல்ல ஹாரன் மேல ஹாரன். எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. கண்ணாடியும் போடலை. தூக்கிக் குடுத்துட்டேன். விலாசம் ஒட்டியிருக்குமேங்கற? இருந்துச்சு. வேன்காரர் என் பேரை ஒரு காகிதத்துல எழுதி அது மேலயே ஒட்டிட்டார். அவ்வளவு பொறுப்பான மனுஷன்.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பாஸ்டர் அந்த மைக்ராஸ்கோப்பைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டறார். பாருங்க, பென்ஷன்ல காலம் தள்ற நம்ம சகோதரி என்ன குடுத்திருக்காங்கன்னு. பைபிள்ல, இருந்த ரெண்டு காசையும் காணிக்கை போட்டாளே ஒரு ஏழை விதவை, அவளாம் நான். எனக்கு ஒண்ணும் புரியலை. இதை நான் எப்படா கட்டினேன்னு முழிக்கறேன். அப்புறம்தான் பாப்பாவோட தீப்பெட்டி ஞாபகம் வந்துச்சு. அப்பவே சொல்லிடணும்னு எந்திரிச்சேன். சத்தியமா சொல்லத்தான் எந்திரிச்சேன். எல்லாரும் கைதட்டினாங்க. பல் டாக்டரம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. உக்காந்துட்டேன்.

முழுசாக் கேளு. திங்கக்கிழமை அந்த இல்லத்துக்குப் போனேன், எப்படியாவது திருப்பி வாங்கிட்டு வந்துடலாம்னு. கையில ஒரு பிஸ்கட் பாக்கெட். அதைக் குடுத்துட்டு இதைக் கேக்கலாம்னு ஒரு கணக்கு, என் புத்தி அப்படி. உள்ள போனா, உன் பொண்ணு வயசுதான் இருக்கும், ரெட்டைச் சடை, ஒரு பிள்ளை அதை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. நீங்கதான் குடுத்தீங்களான்னு கேட்டுச்சு. பதில் சொல்றதுக்குள்ள என் தலையிலேர்ந்து ஒரு முடியைப் பிடுங்கி அதுக்கடியில வச்சு, பாருங்கன்னு காட்டுச்சு. வெள்ளைமுடி. தேங்காய்நாருக் கயிறு மாதிரி தெரிஞ்சுது. அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கலை. அதுகிட்டேர்ந்து எப்படிம்மா வாங்குவேன்? பிஸ்கட்டைக் குடுத்துட்டு வந்துட்டேன்.

உனக்கு வேற ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன். நானே, இந்தக் கையால. ஊரையெல்லாம் திட்டற நானும் கடைசியில போனைத் தடவியாச்சு. ஆனா ஜனவரி பத்தாம் தேதிதான் வருமாம். அதுவரைக்கும் பாப்பாகிட்ட... எதையாவது சொல்லிச் சமாளியேன். சபையில மட்டும் யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதம்மா. முப்பது வருஷமாப் போற சபை. இந்த வயசுல முதல் தடவையாக் கைதட்டினாங்க.

ஏம்மா அந்த மூலையையே பாக்கற? திட்டவாவது செய்யேன்.

என் பெட்டியா? என் பெட்டியில என்ன இருந்துச்சுன்னா கேக்கற? அது எதுக்கு இப்ப... இங்கதான் இருக்கு. நல்ல சாமான்தான். ஆங், ஒண்ணு செய்யலாமே, புதுசு வர்றவரைக்கும் பாப்பாவுக்கு இதை எடுத்துட்டுப் போயேன். விளையாட்டுச் சாமான், புத்தகம், எல்லாம் இருக்கு. பிரி, நீயே பிரி. கத்திரி இந்தா.

அது கலர் பேனா. கொஞ்சம் காஞ்சிருக்கும், தண்ணியில முக்கினா எழுதும். எழுதணும். அது பொம்மை. கை ஒண்ணு எங்கயோ விழுந்துடுச்சு, சட்டை போட்டா தெரியாது. அந்த ஸ்வெட்டருக்குப் பொத்தான் தச்சுக்கலாம். படத்துண்டு சேக்கற விளையாட்டு, நூறு துண்டு. ஒரு எண்பது இருக்கும். டைரி... ஆமா, போன வருஷத்து டைரிதான். எழுதாத பக்கம் நிறைய...

வை. கீழ வச்சுடும்மா. பாப்பாவுக்கு இதைக் குடுக்காத.

பாப்பா இதைப் பிரிச்சுப் பாத்துட்டு என் மூஞ்சியைப் பாக்கும்ல. அந்தப் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, பெரியம்மா கை எங்கன்னு கேக்கும்ல. என்னால முடியாது. கட்டும்போது இதெல்லாம் எனக்குத் தோணவே இல்லை. பாஸ்டர் சொன்னதுக்கு ஆமென்னு சொன்ன அதே வாயால டேப்பைக் கடிச்சுக் கட்டினேன். கட்டி முடிச்சு ஸ்தோத்திரம் வேற. முகம் தெரியாத பிள்ளைங்கதானே, இது போதும்னு இருந்துட்டேன். இப்ப ரெட்டைச் சடையோட முகமும் தெரிஞ்சு போச்சு. அசிங்கமா இருக்கும்மா. நாலு நாளா ஊரான் பெட்டியை எல்லாம் திட்டிட்டு இருக்கேன், இந்த ஒண்ணை மட்டும் பிரிச்சுப் பாக்க எனக்குத் தைரியம் இல்லை.

கிளம்பிட்டியா? கோபமா? இல்லையா? அப்ப என்ன அப்படிப் பாக்கற?

அந்த மைக்ராஸ்கோப் அங்கயே இருக்கட்டுமா? நிஜமாத்தான் சொல்றியா? உனக்குப் பெரிய மனசும்மா. நீ நல்லா இருக்கணும். நான் சொன்னேன்ல, குடுக்கறதுல இருக்கற சந்தோஷம்னு... சரி, நான் பேசலை.

பாத்துப் போ, பல் டாக்டரம்மா டப்பா. வலது காலை முதல்ல. ஆங்.

என்ன சொன்ன? நாளன்னிக்கு வர்றியா? சாட்சி கேக்கவா? பாப்பாவையும் கூட்டிட்டா?

வா, தாராளமா வா. வேண்டாம்னா சொல்வேன்? ஆனா... முன் வரிசை எதுக்கும்மா. நான் சொன்னேன்தான், அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. முன் வரிசையில பாட்டுக்காரங்க உக்காருவாங்க. ஃபேன் காத்தும் வராது. பின்னாடி உக்காரு, கதவுகிட்ட. அங்கேர்ந்தே நல்லாக் கேக்கும். மைக் நல்ல மைக்கும்மா...

இந்தாம்மா, நில்லு. காதுல விழுந்துச்சா? பாப்பாவை மட்டுமாவது பின்னாடி உக்கார வை.