முந்திச் சொன்ன செய்தி

செய்தி வாசிப்பதில் கஷ்டமானது குரல் அல்ல, ஐயா. வாசித்து முடித்த பிறகு, கேமரா நம்மை விட்டு நகரும்வரை முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான். புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். நான் மாட்டியதில்லை. இத்தனை வருடத்தில் 'தவறுக்கு வருந்துகிறோம்' என்று வாசித்ததும் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் செய்தி அறைச் சுவரில் போட்டிச் சேனல்கள் எல்லாம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அன்று மதியம், எதிர்ச் சேனல் பெண் கறுப்பு உடையில் வந்து உட்கார்ந்தாள். எப்போதும் கிளிப்பச்சையில் வருகிறவள். ஊரே 'வெண்கலம்' என்று கூப்பிடும் பாடகர் அந்த வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். எங்கள் ஆசிரியர் என் காதுக் கருவியில் சொன்னார்:

"வெண்கலம் போயிட்டாரு. அவ வாயத் திறக்குறதுக்கு முன்னாடி நீ சொல்லிடு."

சொன்னேன். பெரிய மனிதர்களுக்கான இரங்கல் குறிப்பு எங்களிடம் எப்போதும் தயாராக இருக்கும். கண் லேசாகக் கலங்க வாசித்தேன். வானிலை சொல்லும் பெண் நிஜமாகவே அழுதுவிட்டாள்.

எதிர்ச் சேனல் பெண் காய்கறி விலையில் ஆரம்பித்தாள். மற்ற உடைகள் சலவைக்குப் போயிருந்தனவாம்.

சற்று நேரத்தில் பாடகரின் மகன் போன் செய்தார். "அக்கா, அப்பா சூப் குடிச்சிட்டே உங்களத்தான் பார்த்துட்டிருக்காரு. பேசுறீங்களா?" வெளியே சொல்லி எங்களைச் சங்கடப்படுத்தவில்லை. நாங்களே திருத்துவோம் என்று நம்பினார். தங்கமான குடும்பம்.

ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏழு மணிக்கு நீயே மன்னிப்புக் கேட்டுடும்மா."

"நானா?"

"செத்துட்டாருன்னு சொன்னது யாரு, நானா?"

நியாயம்தான். என் வார்த்தையை நம்பி ஜனங்கள் கடையை மூடுகிறார்கள், கடையைத் திறக்கிறார்கள். அந்த நம்பிக்கையை ஒருவர் சூப் குடித்துக் கெடுப்பதா? அதற்குள் அவர் வீட்டு வாசலில் மாலைகள் குவிந்துவிட்டன. அழுதவர்கள் அத்தனை பேரும் முட்டாள்களாகிவிடுவார்கள். நான் என்னைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

பூங்கொத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகன் எனக்குக் காபி வாங்கக் கீழே இறங்கினார். பெரியவர் கோபப்படவில்லை.

"நல்லாத்தாம்மா படிச்ச. எனக்கே அழுகை வந்துடுச்சு. ஆனா அந்தப் படகுப் பாட்ட விட்டுட்டியே. நான் பாடுனதுல உருப்படியானது அது ஒண்ணுதான்."

"சேர்த்துடறேன் ஐயா."

"அடுத்த தடவைக்கா?" சிரித்தார், இருமினார். "இந்தத் தலையணையக் கொஞ்சம் சரி பண்ணும்மா."

எடுத்தேன். திரும்பத் தலைக்கடியில் வைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. அவர் அதிகம் சிரமம் கொடுக்கவில்லை.

ஏழு மணிக்கு மன்னிப்பு தேவைப்படவில்லை. மற்ற சேனல்கள் அப்போதுதான் விழித்துக்கொண்டன. 'முந்தித் தந்தது நாங்களே' என்று எங்கள் திரையில் ஓடியது. அதில் பொய்யில்லை. படகுப் பாட்டையும் சேர்த்தேன். சொன்ன சொல் தவற எனக்கு வராது.

ஆஸ்பத்திரி அறை மூலையில் கேமரா இருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவள் செய்யக்கூடாத பிழை. நீங்கள் போட்டுக் காட்டிய பதிவைப் பார்த்தேன். கதவைத் தாண்டும்வரை முகம் மாறவே இல்லை, கவனித்தீர்களா?

நான்தான் கொன்றேன் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கிறீர்கள். போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். அவர் இறந்தது மாலையில் என்று போட்டிருக்கிறீர்கள். மதியம் என்று மாற்றிவிடுங்கள், ஐயா. நான் அப்போதே சொல்லிவிட்டேன்.