பூவாடைக்காரியின் முகம்

— இந்த போட்டோதான்னு அடம் புடிச்சா எப்படிங்க? வேற போட்டோவே இல்லியா ஊட்ல?

— இல்ல மேடம். எல்லாம் தீயில பூடுச்சி. இது ஒண்ணுதான்.

— ஒரு பக்கமா திரும்பினாப்புல எடுத்தது. நேரா பாக்குற மாதிரி ஒண்ணு இருந்தா...

— அதான் இல்லன்றேனே. நீங்க மூக்கு வெக்கறவங்கதானே, பாத்து வெச்சுடுங்க. சினிமாக்காரங்களுக்கெல்லாம் வெக்கறீங்க.

— நான் இன்னும் யாருக்கும் வெக்கல. பெரிய டாக்டர்தான் வெப்பாரு. நான் கூட நின்னு பாத்துக்கினு இருக்கேன்.

— அப்ப நீங்க டாக்டரு இல்லியா?

— டாக்டர்தான். மேல பிளாஸ்டிக் சர்ஜரி படிக்கலாமா வேணாமான்னு யோசிச்சிக்கினு இருக்கேன். அதான் பெரிய டாக்டர் உங்ககிட்ட அனுப்பினாரு. ‘தைக்கறது யார் வேணா கத்துக்கலாம் மலர்விழி. நாளைக்கு ஆபரேசன் பண்ணப்போற கலைமதிகிட்ட போய் உக்காந்து, எந்த முகம் வேணும்னு கேட்டுக்கினு வா. அப்புறம் முடிவு பண்ணு’ன்னாரு.

— பிளாஸ்டிக்னா... பிளாஸ்டிக்லயா செய்வீங்க?

— இல்லீங்க. எல்லாம் உங்களுதுதான். நெத்தித் தோல எறக்கி மூக்கு. வெலா எலும்புக் குருத்த எடுத்து உள்ள தாங்கல். கன்னத்துக்கு தொடைத் தோலு.

— நல்ல வேல. ஒடம்புலயே திருடி ஒடம்புலயே ஒளிச்சு வெக்கறது.

— சிரிக்காதீங்க, தோலு இழுக்கும்.

— சிரிச்சா இந்த மூஞ்சில தெரியவா போவுது... எம் பொண்ணு அஸ்வினிக்கு மட்டுந்தான் தெரியும். நேத்து போன்ல கேக்குது, ‘அம்மா, போட்டோல இருக்கற மாதிரியே ஆயிடுவியா’ன்னு.

— நீங்க இன்னா சொன்னீங்க?

— ஆயிடுவேன்னேன். ...ஆயிடுவனா மேடம்?

— தீப்புடிச்ச அன்னிக்கு உங்க தங்கச்சியும் கூடத்தானே இருந்தாங்க?

— ஏன் அத்த கேக்குறீங்க?

— சும்மாதான்.

— ம். கேஸ் கசிஞ்சது தெரியாம, மல்லாட்டைக் கொட்ட வறுக்கலாம்னு அடுப்ப பத்த வெச்சோம். பிரியா பூட்டா. கலைப்பிரியா. கல்யாணம் ஆவாத பொண்ணு. அதனால ஊட்ல பூவாடைக்காரியா கும்புடுறோம்.

— எங்க ஊரு மண்டகப்பட்டுலயும் உண்டு. புதுப் பொடவ, பூவு எல்லாம் வெச்சி, கொளத்தாண்ட போய் பேர சொல்லி கூப்புடுவாங்க.

— ஆங், அதான். எங்க பிரம்மதேசத்துல பம்பை அடிச்சிக்கினு கூப்புடுவாங்க. ‘கலைப்பிரியா, வாடி... ஊட்டுக்கு வாடி’ன்னு. நா உள்ள கதவ சாத்திக்கினு உக்காந்துக்குவேன்.

— ஏன்?

— கேக்க முடியாது மேடம். அந்தப் பேர சொன்னா, ‘இன்னா’ன்னு வாய் வரைக்கும் வந்துடுது... தங்கச்சி இல்லியா. பாசம்.

— வருமா? சாமி?

— எங்கம்மா மேல வரும். வந்தா நேரா கதவ தட்டி எங்கிட்டதான். இந்தக் கன்னத்துல கைய வெச்சி தடவும். ஒண்ணியும் பேசாது. போன மாசம் படையல்லதான் பேசுச்சி.

— இன்னான்னு?

— ‘எம் மூஞ்சிய உட்டுடு’ன்னு.

— உங்கம்மா வாயாலயா?

— ஆமா. பாத்தீங்களா, ஒங்க கைலயே முடி நிக்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

— ...கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க கலைமதி. முடிய ஒதுக்குங்க.

— காதுல ஒண்ணியும் இல்லியே. தீ இந்தப் பக்கம் படல.

— அதான் பாக்கறேன். பொறந்தப்படியே இருக்கு. உங்க காது மடலு தனியா தொங்குது. போட்டோல இருக்கறவங்களுக்கு கன்னத்தோட ஒட்டிக்கினு இருக்கு.

— ...போட்டோ பழசு.

— காது மாறாதுங்க.

— கம்மல் போட்டு போட்டு தொங்கிடுச்சி.

— ஒட்டுன மடலு அப்படித் தொங்காது.

— தச்சி ஜல்தியா அனுப்புவீங்கன்னு வந்தா, பேஜாரா பூச்சே.

— யாருங்க நீங்க? கதவ சாத்திட்டேன். சிஸ்டர் வரமாட்டாங்க. சொல்லுங்க.

— ...நைட்டி. அக்கா நைட்டிய நா போட்டுக்கினு இருந்தேன் மேடம். அவ்ளோதான். அத்த வெச்சி ‘இவ கலைமதி’ன்னுட்டாங்க. கட்டுப் போட்டு, வாய் தொறக்க முடியாம கெடந்தேன். தொண்ட வெந்து கொரலும் மாறிப்போச்சி. கட்டு பிரிச்சன்னிக்கு அஸ்வினிய தூக்கியாந்தாங்க. அப்பதான் நடக்க ஆரம்பிச்ச புள்ள. அப்பன் அதுக்கு முன்னாடியே லாரில அடிபட்டு பூட்டாரு. இந்த மூஞ்சிய பாத்து எல்லாரும் திரும்பிக்கினாங்க. அது மட்டும் ‘ம்மா’ன்னு கைய நீட்டுச்சி. நா இன்னா சொல்றது? உங்கம்மா எரிஞ்சிட்டான்னா?

— அதனால அக்கா முகத்தையே கேக்குறீங்க.

— என் மூஞ்சி மால போட்டு செவுத்துல மாட்டியிருக்கு மேடம். புள்ள தெனம் அத்த பாத்து ‘சித்தி சாமி’ன்னு கும்புட்டுட்டு ஸ்கூலுக்குப் போவுது. நீங்க அதையே வெச்சி கட்ட பிரிச்சா, செவுத்துல இருக்கறது எறங்கி வந்து அது எதுர்ல நிக்கும். அப்புறம் என்ன அம்மான்னு கூப்புடுமா?

— உங்க எலும்பு மேல உங்க அக்கா முகம் உக்காராதுங்க. எங்களால கொண்டார முடிஞ்சது உங்களுது மட்டுந்தான். அதுவும் கிட்டத்தட்ட.

— அப்ப வேணாம். இப்படியே போறேன். திண்டிவனம் பஸ் ஏத்தி உட்டுடுங்க. நீங்களும் இந்தப் படிப்பு படிக்காதீங்க மேடம். பாவம் புடிச்ச வேல.

— காலைல நானும் அப்படித்தான் நெனச்சேன்... உக்காருங்க. ஒண்ணு சொல்லாம மறைச்சிட்டேன். காலைல உங்கம்மா என்னைப் பாக்க வந்தாங்க.

— எங்கம்மாவா? வர்றேன்னே சொல்லலியே.

— பைல இருந்து ஒரு போட்டோ எடுத்துக் குடுத்தாங்க. ‘இந்த மூஞ்சிய வெச்சுடு கண்ணு’ன்னு. கண்ணாடில குங்குமம் அப்படியே இருக்கு, மாலைய மட்டும் கழட்டியிருக்காங்க. இந்தாங்க.

— ...அம்மாக்கு தெரியுமா?

— மொதல்லேந்தே. ‘பெத்தவளுக்கு கால் வெரலு பாத்தா போதும்’னாங்க. பேத்திக்கு ஒரு அம்மா வேணுமேன்னு வாயத் தொறக்கலியாம்.

— அப்புறம் ஏன் வருசா வருசம் எம் பேர சொல்லி... உசுரோட இருக்கறவள...

— நானும் கேட்டேன். ‘நா செத்தவள கூப்புடல கண்ணு. உள்ள கதவ சாத்திக்கினு உக்காந்திருந்தாளே, அவளத்தான் கூப்ட்டேன். ஒரு தரமாவது எழுந்து வருவான்னு’... அப்படின்னாங்க.

— ...அப்ப சாமி வந்ததெல்லாம் நடிப்பா? என் கன்னத்த தடவுனது?

— அவங்கதான். வேற எப்படி உங்கள தொடறதுன்னு தெரியலியாம். ...ஆனா போன மாசம் மட்டும் அவங்க இல்லியாம்.

— இன்னா மேடம் சொல்றீங்க?

— ‘அன்னிக்கு நா இன்னா பேசினேன்னே எனக்குத் தெரியாது. கொரலு வேற யாருதோ மாதிரி இருந்திச்சின்னு பம்பைக்காரரு சொன்னாரு. அவகிட்ட கேட்டு சொல்லு’ன்னாங்க. அதான் கேக்கறேன்... ‘எம் மூஞ்சிய உட்டுடு’ன்னு மட்டுந்தான் சொல்லுச்சா?

— ...அது அக்கா கொரலு மேடம். ‘எம் மூஞ்சிய உட்டுடுடி. எம் பொண்ண நீ வெச்சிக்க’ன்னுச்சி.